வாய் முந்துது, குரல் பிந்துது: வாசகர் கேள்வி – பதில்

பாடசாலைக் கணினிக் கூடம், பிரதேச செயலகம், வைத்தியசாலைப் பயிற்சி அறை, நெனசல எனும் கிராமக் கணினி நிலையம் என்று வன்னியிலிருந்து இந்த முறை வந்த கேள்விகள் அனேகமாக எல்லாமே வேறொருவர் பூட்டி வைத்திருக்கும் கணினிகளில் வீடியோவின் படமோ குரலோ சரியாக ஓடாததைப் பற்றியவை. நிர்வாகிக் கடவுச்சொல் உங்கள் கையில் இல்லை, புதிதாக ஒன்றையும் நிறுவ முடியாது. அதனால் உங்களால் செய்யக்கூடியதை முதலிலும், பொறுப்பானவரிடம் கேட்டுச் செய்விக்க வேண்டியதைப் பிறகும் சொல்கிறோம்.

போனில் எடுத்த விஞ்ஞானப் பாட வீடியோ வீட்டு லப்டொப்பில் வடிவாக ஓடுது. பாடசாலைக் கணினியில் போட்டால் குரல் மட்டும் கேட்குது, படம் கறுப்பு. ஒரு கணினியில் கோடெக் இல்லை என்று நீளமான ஒரு இலக்கமும் வருது. வீடியோ பழுதாகிவிட்டதா?
— ஆசிரியை, மல்லாவி

வீடியோவில் ஒரு பழுதும் இல்லை. கோடெக் என்பது சுருக்கிப் பதிந்த படத்தையும் குரலையும் பிரித்துக் காட்டும் மென்பொருள். அந்த இலக்கம் 5212 என்று முடிந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்: உங்கள் போன் எச்.265 (எச்ஈவிசி) என்ற சுருக்க முறையில் பதிவு செய்கிறது. இடம் மிச்சம் பிடிக்கப் புதிய போன்கள் பல இதைத்தான் பாவிக்கின்றன. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இதற்கான நீட்சியை மைக்ரோசொப்ட் ஸ்டோரில் தனியாக எடுக்க வேண்டும், விலை 0.99 டொலர். சில கொம்பனிகள் லப்டொப்பை விற்கும்போதே அதைப் போட்டுத் தருகின்றன. உங்கள் வீட்டு லப்டொப்பில் ஓடுவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். கணினிக் கூடத்தில் ஸ்டோரே பூட்டியிருக்கும்.

முதலில் கூடத்துக் கணினியில் விஎல்சி என்ற இலவச வீடியோ ஓட்டும் மென்பொருள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வீடியோவின் மேல் வலது சொடுக்குப் போட்டு 'ஓப்பன் வித்' வழியாக அதில் திறவுங்கள். விஎல்சி தன் கோடெக்குகளைத் தானே கொண்டிருப்பதால் படம் வரும். வந்தாலும் திக்கலாம். இன்டெல் சில்லில் எச்.265-ஐ வன்பொருளிலேயே பிரிக்கும் வசதி 6ஆம் தலைமுறையில், 2015இல்தான் வந்தது. அதற்கு முந்திய கணினியில் முழுச் சுமையும் சிபியு எனும் மையச் செயலியின் தலையில் விழும். தலைமுறையை அறிய ஐ3, ஐ5 என்பதற்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள்: ஐ3-4150 என்றால் 4ஆம் தலைமுறை, ஐ5-10400 என்றால் 10ஆம் தலைமுறை.

எச்.265க்கு முந்திய முறையான எச்.264 வீடியோவை 2011இல் வந்த 2ஆம் தலைமுறைச் சில்லுகூட வியர்க்காமல் ஓட்டும். ஆகவே கணினியை வீடியோவுக்கு ஏற்ப மாற்றுவதை விட, வீடியோவைக் கணினிக்கு ஏற்ப மாற்றுவதே புத்தி. ஐபோன் என்றால் செட்டிங்ஸ், கெமரா, ஃபோர்மட்ஸ் என்று போய் 'மோஸ்ட் கொம்பற்றிபிள்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். அன்ட்ரொயிட் போனில் கெமராவின் செட்டிங்ஸில் 'ஹை எஃபிசியன்சி' அல்லது எச்ஈவிசி என்று இருப்பதை நிற்பாட்டுங்கள். அடுத்த பாடத்திலிருந்து பிரச்சினை வராது.

ஏற்கெனவே எடுத்ததை வீட்டில் ஹாண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் மாற்றலாம். 'ஃபாஸ்ட் 720பி30' என்ற ஆயத்தத் தெரிவை எடுங்கள். வீடியோ பகுதியில் கோடெக் எச்.264 என்றும், படவேகம் (ஃப்ரேம் ரேட்) 30, 'கொன்ஸ்டன்ட்' (மாறாதது) என்றும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒலிக்கு ஏஏசி, 48 கிலோஹேர்ட்ஸ். விநாடிக்கு 2 மெகாபிட் அளவில் வந்தால் 10 நிமிடப் பாடம் ஏறத்தாழ 150 மெகாபைட் ஆகும், எந்தப் பென்டிரைவிலும் அடங்கும். ஹாண்ட்பிரேக்கும் இல்லையென்றால் வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிப் பதிவிறக்கலாம், அது எச்.264ஆக மாறித்தான் வரும். ஆனால் டொக்கியுமென்டாக அனுப்பினால் மாறாது. இன்னொன்று, வாட்ஸ்அப் படத்தை நன்றாக நெரித்துவிடும். முகம் தெரியும், கரும்பலகையில் எழுதியது தெரியாது.

கூகிளில் தேடினால் 'கோடெக் பாக்' என்று ஆயிரம் தளங்கள் கூப்பிடும். பூட்டிய கணினியில் அது நிறுவுப்படாது. நிறுவுப்பட்டால் அதைவிட மோசம், ஏனென்றால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வீடியோக்களையும் அது குழப்பிவிடும்.

உயர்தர மாணவர்களுக்காக 40 நிமிடக் கணித வகுப்பொன்றைப் பதிவு செய்து எடிட் செய்தோம். தொடக்கத்தில் எல்லாம் சரி. முடிவில் ஆசிரியர் வாயை மூடிய பிறகும் குரல் வந்துகொண்டிருக்கிறது. விஎல்சியில் முடிவைச் சரிசெய்தால் தொடக்கம் பிழைக்கிறது. கணினியிலா பிழை, ஸ்பீக்கரிலா?
— நெனசல நிலையப் பொறுப்பாளர், புதுக்குடியிருப்பு

இரண்டிலும் இல்லை, கோப்பில்தான் பிழை. படமும் குரலும் ஒத்துவராத நோய் மூன்று வகை. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவு பிந்தினால் அது ஸ்பீக்கர், புளூடூத், புரொஜெக்டர் என்ற வழியில் வரும் தாமதம். போகப் போக இடைவெளி கூடினால் கோப்பின் வேகக் கணக்குப் பிழை. படம் விக்கி விக்கி நின்று, குரல் மட்டும் தடங்கலின்றி ஓடினால் கணினிக்கு அல்லது வலையமைப்புக்குச் சக்தி போதாது. உங்களுடையது இரண்டாவது வகை. விஎல்சியின் ஒலித் தாமத விசை முதல் வகைக்கு மட்டுமே மருந்து. அதனால்தான் ஒரு நுனியைச் சரிசெய்ய மறு நுனி பிழைக்கிறது.

அடுத்து அளந்து பாருங்கள். வகுப்பில் ஆசிரியர் மேசையில் தட்டும், கைதட்டும் அல்லது டஸ்டரை வைக்கும் இடங்களாகத் தொடக்கத்தில் ஒன்று, 20ஆவது நிமிடத்துக்குக் கிட்ட ஒன்று, முடிவில் ஒன்று தேடுங்கள். விஎல்சியில் 'ஈ' விசை ஒவ்வொரு சட்டமாக (ஃப்ரேம், அதாவது வீடியோவின் தனிப் படம்) நகர்த்தும். விநாடிக்கு 25 சட்டம் என்றால் ஒரு சட்டம் 40 மில்லிவிநாடி, 30 என்றால் 33. படத்தில் கை படும் நேரத்தையும் சத்தம் வரும் நேரத்தையும் குறித்து வித்தியாசத்தை எழுதுங்கள்.

நடுவில் உள்ள வித்தியாசம் முடிவில் உள்ளதன் சரிபாதி என்றால் வேகம் சீராகப் பிழைத்திருக்கிறது. அளவே காரணத்தைச் சொல்லிவிடும். 40 நிமிட முடிவில் 2.4 விநாடி என்றால் 29.97 சட்டத்தையும் 30 சட்டத்தையும் எடிட்டர் மாற்றி எடுத்திருக்கிறது, ஆயிரத்துக்கு ஒரு பங்கு வித்தியாசம். முதல் நிமிடத்திலேயே 5 விநாடி போய்விட்டது, குரலும் கீச்சென்றோ தடித்தோ கேட்கிறது என்றால் 44.1 கிலோஹேர்ட்ஸ் ஒலியை 48 என்று வாசித்திருக்கிறது, அல்லது மறுவளமாக. குரலைத் தனிக் கருவியில் பதிந்து பிறகு படத்தோடு சேர்த்திருந்தால் இரண்டு கருவிகளின் கடிகாரங்களும் சற்று வேறுபடும். ஆனால் அது 40 நிமிடத்துக்கு ஒரு விநாடியின் பத்திலொரு பங்கு அளவில்தான் நிற்கும், ஒருவரும் கவனிக்கமாட்டார்கள்.

சீரான பிழைக்கு மருந்து ஒலியின் நீளத்தை மாற்றுவது. வீடியோவிலிருந்து ஒலியைப் பிரித்து ஓடாசிட்டி என்ற ஒலி எடிட் செய்யும் மென்பொருளில் திறந்து, 'சேஞ்ச் டெம்போ' என்பதில் நீளத்தைக் கொடுங்கள். 2400 விநாடிப் படத்தில் குரல் 2.4 விநாடி பிந்தினால் 2402.4 விநாடி ஒலியை 2400 ஆக்க வேண்டும். 'சேஞ்ச் ஸ்பீட்' என்பதை எடுக்காதீர்கள், சுருதியும் மாறும். 44.1க்கும் 48க்கும் இடையிலான பிழையில் மட்டும் 'ஸ்பீட்'தான் சரி, அங்கே சுருதியும் பிழைத்துத்தான் இருக்கிறது.

நடுவில் உள்ள வித்தியாசம் பாதிக்குக் கிட்டவும் வரவில்லை, ஓரிடத்தில் திடீரென்று கூடுகிறது என்றால் நீட்டிச் சுருக்கி மினக்கெட வேண்டாம். அது போன் வீடியோவின் பிறவிக் குணம். போன் விநாடிக்கு 30 சட்டம் என்று தொடங்கும். வகுப்பறையில் வெளிச்சம் குறைந்தாலோ போன் சூடேறினாலோ 24, 20 என்று இறங்கும், பிறகு ஏறும். ஒவ்வொரு சட்டத்துக்கும் நேர முத்திரை இருப்பதால் விஎல்சி அதைச் சரியாகவே காட்டும். எடிட்டர்கள் சில முத்திரையைப் பார்க்காமல் எல்லாச் சட்டத்தையும் சம இடைவெளியில் அடுக்கிவிடும், அதிலிருந்து குரல் கழரும். மீடியாஇன்ஃபோ என்ற சிறிய மென்பொருளில் மூலக் கோப்பைத் திறந்தால் 'ஃப்ரேம் ரேட் மோட்' என்ற வரி 'வேரியபிள்' (மாறுவது) என்று காட்டும்.

மூலக் கோப்பு இன்னும் போனில் இருந்தால் அழித்துவிடாதீர்கள். முதல் பதிலில் சொன்னபடி ஹாண்ட்பிரேக்கில் 'கொன்ஸ்டன்ட்' ஆக்கி, அதற்குப் பிறகு எடிட்டரில் போடுங்கள். எடிட் செய்து முடித்ததை ஹாண்ட்பிரேக்கில் போட்டுப் பயனில்லை, பிழை உள்ளே உறைந்துவிட்டது. பலர் இந்த இடத்தில்தான் ஒரு நாளைத் தொலைக்கிறார்கள்.

அடுத்த பதிவுக்கு ஒரு குறிப்பு. போன் கெமராவில் 'ப்ரோ' முறை இருந்தால் 25 சட்டம், ஷட்டர் 50இல் ஒன்று என்று கட்டிவையுங்கள். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் டியூப் லைட்டின் மினுக்கமும் படத்தில் விழாது. பதிவு தொடங்கியதும் ஒரு கைதட்டு, முடியும்போது ஒரு கைதட்டு.

பயிற்சி அறையில் கணினியிலிருந்து புரொஜெக்டருக்கு எச்டிஎம்ஐ, குரலுக்குப் புளூடூத் ஸ்பீக்கர். கை கழுவும் முறை பற்றிய வீடியோவில் குரல் எப்போதும் கொஞ்சம் பிந்துது. ஸ்பீக்கரை மாற்றச் சொல்கிறார்கள். தேவையா?
— தாதிய உத்தியோகத்தர், முல்லைத்தீவு

ஸ்பீக்கரை மாற்ற வேண்டாம், இணைப்பை மாற்றுங்கள். சாதாரணப் புளூடூத்தில் ஒலி 150 முதல் 250 மில்லிவிநாடி வரை பிந்தும். குரல் 125 மில்லிவிநாடிக்கு மேல் பிந்தினாலோ 45க்கு மேல் முந்தினாலோ மனிதர் கவனிக்கத் தொடங்குவார்கள் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998இல் வெளியிட்ட பரிந்துரை சொல்கிறது. முந்துவது ஏன் கெதியாகப் பிடிபடுகிறது? தூரத்தில் விறகு கொத்துபவரின் கோடரி விழுந்த பிறகுதான் சத்தம் கேட்கும். பிந்தும் சத்தத்துக்குக் காது பிறந்ததிலிருந்தே பழக்கப்பட்டிருக்கிறது, முந்தும் சத்தத்தை அது கேட்டதேயில்லை.

புளூடூத் ஸ்பீக்கர்கள் பலவற்றின் பின்னால் 3.5 மில்லிமீற்றர் துளை ஒன்று இருக்கும். கணினியின் இயர்போன் துளையிலிருந்து அதற்கு ஒரு கேபிள் போட்டால் தாமதம் போய்விடும். பிறகு திரையின் கீழ் மூலையில் உள்ள ஸ்பீக்கர் குறியைச் சொடுக்கி, குரல் போக வேண்டிய கருவியைத் தெரிவு செய்யுங்கள். இதற்கு நிர்வாகி அனுமதி வேண்டியதில்லை. எச்டிஎம்ஐ செருகியவுடன் விண்டோஸ் குரலைப் புரொஜெக்டருக்கே அனுப்பப் பார்க்கும். "குரலே வரவில்லை" என்று வரும் முறைப்பாடுகளில் கனக்க இதனால்தான். பழைய விஜிஏ கேபிள் என்றால் அதில் குரல் போகாது, கட்டாயம் தனிக் கேபிள் வேண்டும்.

இன்றைக்கே வகுப்பு, கேபிள் இல்லை என்றால் விஎல்சியில் 'ஜே' விசையை அழுத்துங்கள். ஒவ்வொரு அழுத்தலும் குரலை 50 மில்லிவிநாடி முன்னுக்குக் கொண்டுவரும், நாலு அழுத்தலில் 200. 'கே' விசை எதிர்ப்பக்கம் தள்ளும். குரல் முந்தினால், அதாவது புரொஜெக்டரோ பெரிய டிவியோ படத்தை மெருகூட்டுவதில் நேரம் எடுத்தால், 'கே'யைப் பாவியுங்கள். டிவியில் 'கேம் மோட்' இருந்தால் அதைப் போட்டாலே பாதித் தாமதம் போய்விடும். பிரௌசரில் ஓடும் வீடியோவுக்கு ஜே, கே இரண்டும் இந்த வேலையைச் செய்யாது. யூடியூபில் 'ஜே' அழுத்தினால் 10 விநாடி பின்னுக்குப் போகும், திகைக்க வேண்டாம்.

மைதானத்தில் பெரிய திரை கட்டிப் படம் போட்டோம். முன்வரிசைக்குச் சரி, பின்வரிசைக்குக் குரல் பிந்துது.
— சனசமூக நிலைய உறுப்பினர், விசுவமடு

கணினியைத் தொடாதீர்கள். ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 345 மீற்றர்தான் போகும். திரையடியில் ஸ்பீக்கர் இருந்தால் 50 மீற்றர் தள்ளி இருப்பவருக்கு 145 மில்லிவிநாடி பிந்தும். 40 மீற்றருக்குள் சனத்தை இருத்தினால் பிரச்சினை இல்லை. பின்னுக்கு இன்னொரு ஸ்பீக்கர் வைத்தால் அதற்குப் போகும் ஒலியை மிக்சரில் பிந்தவைக்கத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு சொல்லும் இரண்டு தரம் கேட்கும்.

எங்கள் கூடத்தில் 20 கணினி. எல்லாரும் ஒரே யூடியூப் பாடத்தைத் திறந்தால் படம் நின்று நின்று போகுது, குரல் மட்டும் ஓடுது. 'இன்டர்நெட் வேகம் கூட்ட வேணும்' என்று ஒருவர், 'ராம் போட வேணும்' என்று ஒருவர். யார் சரி?
— தகவல் தொழில்நுட்ப ஆசிரியர், ஒட்டுசுட்டான்

இரண்டு பேரும் பிழையாக இருக்கலாம். குரல் ஓட, படம் மட்டும் நிற்கிறது என்பதே பெரிய துப்பு. வீடியோ ஓட்டும் மென்பொருள்கள் அனேகமானவை குரலைத்தான் கடிகாரமாக வைத்துக்கொள்ளும். காதில் ஒரு சிறு வெட்டு விழுந்தாலும் உடனே தெரியும், கண்ணுக்கு ஒன்றிரண்டு சட்டம் போனால் தெரியாது. ஆகவே படத்தைப் பிரிக்கச் சக்தி போதாதபோது சட்டங்களை வீசிவிட்டுக் குரலைத் துரத்தும். இன்டர்நெட் போதாவிட்டால் படமும் குரலும் சேர்ந்து நின்று வட்டம் சுற்றும். உங்களுக்கு அப்படியில்லை.

ஒரு கணினியை மட்டும் போட்டுச் சோதியுங்கள், மற்ற 19உம் சும்மா இருக்கட்டும். வீடியோவின் மேல் வலது சொடுக்குப் போட்டு 'ஸ்டாட்ஸ் ஃபோர் நேர்ட்ஸ்' என்பதைத் திறவுங்கள். கோடெக் என்ற வரியில் ஏவி01 அல்லது விபி09 என்றும், விழுந்த சட்டங்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டும் இருந்தால் விடை கிடைத்துவிட்டது. யூடியூப் புதிய கோடெக்கில் தருகிறது. விபி9-ஐ முழுமையாக வன்பொருளில் பிரிக்க இன்டெல் 7ஆம் தலைமுறை வேண்டும், ஏவி1-க்கு 11ஆம் தலைமுறை வேண்டும். பழைய கணினியில் சிபியு தனியே மாரடிக்கிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மனேஜரைத் திறந்தால் சிபியு நூறு வீதத்தில் நிற்பதைக் காணலாம். ராம் பாதியில் நிற்கும், அதைக் கூட்டிப் பயனில்லை.

உடனே செய்யக்கூடியது, தரத்தை 480பி அல்லது 360பி ஆக்குவது. படத்தின் புள்ளிகள் குறைந்தால் வேலையும் குறையும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது கிராபிக்ஸ் டிரைவர், அதாவது படம் காட்டும் சில்லை இயக்கும் மென்பொருள். ஸ்டார்ட்டில் 'டிஎக்ஸ்டயாக்' என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள், சாதாரணப் பயனரும் திறக்கலாம். டிஸ்ப்ளே பகுதியில் 'மைக்ரோசொப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடப்டர்' என்று இருந்தால் விண்டோஸை மீண்டும் போட்டவர் கிராபிக்ஸ் டிரைவரைப் போடாமல் விட்டிருக்கிறார். கணினி எவ்வளவு புதியதாக இருந்தாலும் வீடியோ திக்கும். பூட்டிய கூடங்களில் இது அடிக்கடி நடக்கிறது, ஏனென்றால் ஒரு கணினியின் பிரதியை எடுத்து வேறு மாதிரிக் கணினிகளுக்கும் ஊற்றிவிடுகிறார்கள்.

மூன்றாவது, குரோமின் செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதியில் 'கிராபிக்ஸ் அக்சிலரேஷன்' என்ற ஆளி. அது நிற்பாட்டியிருந்து, பக்கத்தில் சிறிய கட்டிடக் குறியும் இருந்தால் நிர்வாகிதான் பூட்டியிருக்கிறார். முகவரிப் பட்டையில் குரோம், முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, பொலிசி என்று ஆங்கிலத்தில் இடைவெளியின்றித் தட்டினால் பூட்டிய எல்லாவற்றினதும் பட்டியல் வரும். அதில் 'ஹார்ட்வெயார் அக்சிலரேஷன் மோட் எனேபிள்ட்' என்பதற்கு எதிரே 'ஃபோல்ஸ்' என்று இருந்தால் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வலயக் கல்வி அலுவலகத்துக்கோ உங்கள் கூடத்தைப் பராமரிப்பவருக்கோ எழுதலாம். "வீடியோ ஓடவில்லை, ஆவன செய்யவும்" என்று எழுதினால் ஆறு மாதம் கிடக்கும். இப்படி எழுதுங்கள்: "1 முதல் 12 வரையான கணினிகளில் கிராபிக்ஸ் டிரைவர் இல்லை, டிஎக்ஸ்டயாக் படம் இணைப்பில். 13 முதல் 20 வரை குரோமில் வன்பொருள் முடுக்கம் பொலிசியால் நிறுத்தப்பட்டுள்ளது, படம் இணைப்பில். இவ்விரண்டையும் திருத்தித் தரவும்; எல்லாக் கணினிக்கும் விஎல்சி நிறுவித் தரவும்." ஒரே வருகையில் முடிக்கக்கூடிய வேலை என்று தெரிந்தால் வருவார்கள்.

ஒற்றைக் கணினியில் வடிவாக ஓடி, இருபதிலும் போட்டால் மட்டும் எல்லாம் சேர்ந்து வட்டம் சுற்றினால் அப்போது இன்டர்நெட்டைச் சொல்லலாம். ஒரு கணினிக்கு 2.5 மெகாபிட் என்று வைத்தாலும் 20க்கு 50 மெகாபிட் வேண்டும், ஒரு 4ஜி ரவுட்டரிடம் பகலில் அதை எதிர்பார்க்க முடியாது. பாடக் கோப்பு கையில் இருந்தால் ஒவ்வொரு கணினியின் டிஸ்கிலும் முதல் நாளே பிரதி எடுத்துவிடுங்கள். ஒரே கணினியில் வைத்து எல்லாரும் வலையமைப்பு வழியாகத் திறப்பதும் 2 மெகாபிட் கோப்பென்றால் 100 மெகாபிட் சுவிட்சில் சரிவரும். போனிலிருந்து எடுத்தபடியே 17 மெகாபிட் கோப்பைப் போட்டால் ஐந்து கணினிக்கே சுவிட்ச் நிரம்பிவிடும்.

விஎல்சியில் செட்டிங்ஸ் மாற்றுகிறேன், அன்றைக்குச் சரி. அடுத்த நாள் பழையபடி. வைரஸா?
— டிப்ளோமா மாணவர், வவுனியா

வைரஸ் இல்லைத் தம்பி. டீப் ஃப்ரீஸ் போன்ற ஒன்று போட்டிருக்கிறார்கள். கணினி மறுபடி தொடங்கும்போது எல்லாமே பழைய நிலைக்குத் திரும்பும். டெஸ்க்டொப்பில் வைத்த உங்கள் செயற்திட்டமும் அப்படியே போகும், அதைத்தான் முதலில் யோசிக்க வேணும். உறையாத டிரைவ் ஒன்று பெரும்பாலும் விட்டிருப்பார்கள், எது என்று கேட்டு அதில் அல்லது பென்டிரைவில் சேமியுங்கள். விஎல்சி மாற்றம் எல்லாருக்கும் பயன்படும் என்றால் பொறுப்பாளர் ஒருமுறை உறைவை நீக்கி, மாற்றி, மீண்டும் உறைய வைக்கலாம். ஐந்து நிமிட வேலை.

சூம் கூட்டத்தில் நான் வீடியோ பகிர்ந்தால் மற்றவர்களுக்குக் குரல் கேட்பதில்லை, படம் சிலைட் மாதிரி ஒவ்வொன்றாக மாறுதாம். என் திரையில் எல்லாம் சரி.
— அபிவிருத்தி உத்தியோகத்தர், பூநகரி

திரை பகிரும் பெட்டியின் அடியில் இரண்டு கட்டங்கள் உண்டு: 'ஷெயார் சவுண்ட்', 'ஒப்டிமைஸ் ஃபோர் வீடியோ கிளிப்'. பகிர முன்னர் இரண்டையும் தெரிவு செய்யுங்கள். முதலாவது இல்லாவிட்டால் மற்றவர்களுக்குக் கேட்பது உங்கள் ஸ்பீக்கர் சத்தத்தை உங்கள் மைக் பிடித்து அனுப்பும் எதிரொலி மட்டுமே, அதையும் சூம் இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும். இரண்டாவது இல்லாவிட்டால் எழுத்துத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று கருதிச் சட்டங்களைக் குறைத்து அனுப்பும். வீடியோ முடிந்து எக்செல் பட்டியல் காட்டும்போது இரண்டாவதை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எழுத்து மங்கும்.

இணைப்பு மெதுவான இடங்களில் இதுவும் காணாது. வீடியோவை முதல் நாள் எல்லாக் கிளைக்கும் அனுப்பி, கூட்டத்தில் "இப்போது போடுங்கள்" என்று சொல்வதுதான் நம்பத்தகுந்த வழி. கம்பீரமில்லாத வழிதான், ஆனால் 10 நிமிடத்தில் முடியும்.

நண்பர் ஒருவர் பென்டிரைவில் வேறு ஓஎஸ் போட்டுப் பூட்டைத் தாண்டலாம் என்கிறார். விஎல்சி போட மட்டும்தான். செய்யலாமா?
— மாணவி, கிளிநொச்சி

வேண்டாம் தங்கச்சி. டிஸ்க் விண்டோஸின் பிட்லொக்கர் பூட்டால் பூட்டப்பட்டிருந்தால், கணினி எதிலிருந்து தொடங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் பயொஸ் செட்டிங்கைத் தொட்டதற்கே அடுத்த முறை 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது யாரிடம் இருக்கிறது என்று தேடி முடியும் மட்டும் அந்தக் கணினி ஒருவருக்கும் இல்லை. ஒரு வீடியோவை எச்.264க்கு மாற்ற அரை மணித்தியாலம் போதும்.

காலை வகுப்பில் லப்டொப்பில் வீடியோ வடிவாக ஓடுது. மத்தியானத்துக்குப் பிறகு அதே வீடியோ திக்குது, குரலும் கரகரக்குது. கோப்பு அதேதான்.
— முன்பள்ளிப் பயிற்றுநர், மாங்குளம்

சூடு அல்லது மின்சாரம். வீடியோ ஓடும்போது டாஸ்க் மனேஜரில் பெர்ஃபோமன்ஸ், சிபியு என்று போய் 'ஸ்பீட்' என்பதையும் 'பேஸ் ஸ்பீட்' என்பதையும் பாருங்கள். பேஸ் 1.6 கிகாஹேர்ட்ஸ் என்றிருக்க, சிபியு நிறைந்த வேலையிலும் ஸ்பீட் 0.8க்கு விழுந்து நின்றால் கணினி தன்னைக் காப்பாற்ற வேகத்தைக் குறைத்துவிட்டது.

மின் செருகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மின்தடையில் பற்றரிக்கு மாறியதும் பவர் முறை தானாக இறங்கும். செட்டிங்ஸில் பவர் பகுதியில் 'பெஸ்ட் பெர்ஃபோமன்ஸ்' ஆக்கலாம். அது பூட்டியிருந்தால் சார்ஜரோடு மட்டும் வகுப்பு நடத்துங்கள். சார்ஜர் மாற்றுச் சாமானாக இருந்தால் அதையும் சந்தேகியுங்கள். 65 வாட் கேட்கும் லப்டொப்புக்கு 45 வாட் சார்ஜர் செருகினால் சார்ஜ் ஏறும், வேகம் ஏறாது.

மின்சாரம் சரி என்றால் சூடுதான். சோளகக் காற்றுக் காலத்தில் கிரவல் வீதியோரக் கட்டிடங்களில் விசிறியின் வாயில் செம்புழுதி கம்பளிபோலப் படிந்துவிடும். லப்டொப்பை மேசைச் சீலையின் மேல் வைக்காதீர்கள், அடியில் காற்றுப் போகும்படி இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். அரச உடைமைக் கணினியை நீங்களாகத் திறந்து துப்பரவாக்க வேண்டாம், உத்தரவாத ஸ்டிக்கர் கிழிந்தால் பொறுப்பு உங்கள் தலையில். கணினியை முற்றாக அணைத்து, வெளித்துளைகளை மென்மையான தூரிகையால் தட்டிவிடுவது போதும். வீட்டு வக்யூம் கிளீனர் வேண்டாம், விசிறியைக் கண்டபடி சுழற்றிப் பழுதாக்கும். அதற்குப் பிறகும் ஸ்பீட் விழுந்தால், காலையிலும் மத்தியானத்திலும் எடுத்த இரண்டு டாஸ்க் மனேஜர் படங்களோடு திருத்துபவரிடம் கொடுங்கள்: உள்விசிறியைத் துப்பரவாக்கி, வெப்பப் பசையை மாற்றச் சொல்லி.